பதினாறரை மில்லிமீட்டர்

கும்மிடிப்பூண்டி
18.1.2024

அன்புத் தங்கை சந்திரகலாவுக்கு,

நானும் உன் அண்ணியும் சுகம். பொங்கல் கரும்பு இன்னும் பாதி மூலையில் கிடக்கிறது. அந்த அமெரிக்கக் குளிரில் நீயும் உன் மகள் இளமதியும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள்? உன் முழங்காலைப் பற்றிப் போன கடிதத்தில் ஒன்றுமே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ பேசியதில் பாதிதான் எனக்குக் கேட்டது. இரும்பைக் காய்ச்சி அடிக்கும் ஃபோர்ஜிங் ஷாப்பில் முப்பத்தொரு வருஷம் சுத்தியலுக்குப் பக்கத்தில் நின்ற காது. ‘சரி, சரி’ என்று நான் சொன்னதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டுவிட்டாய். இப்போது யோசித்துப் பார்த்தால் பயமாக இருக்கிறது.

நான் புரிந்துகொண்டதை எழுதுகிறேன். தவறிருந்தால் திருத்து. உங்கள் ஊர் நூலகத்தின் அடித்தளத்தில் ஒரு சங்கம் இருக்கிறது. அமெரிக்க மலைகளில் ஒரு காலத்தில் ஓடிய குறுகிய பாதை ரயில்களைச் சிறிய உருவில் செய்து மேஜைமேல் ஓட்டுகிறார்கள். நவம்பரில் கண்காட்சி. உறுப்பினர் ஒவ்வொருவரும் ஒரு நிலையம் கட்டித் தர வேண்டும். நீயும் உறுப்பினர். அதனால், ‘இந்தியாவில் என் அண்ணன் இன்ஜினியர், அவர் கட்டி அனுப்புவார்’ என்று சொல்லிவிட்டாய்.

நான் இன்ஜினியர் இல்லை. தரச் சோதனை இன்ஸ்பெக்டர். பிறர் செய்ததை அளந்து சரி, தப்பு என்று சொன்னவன். சொந்தமாக ஒரு பொருள் செய்து யாரிடமும் காட்டியதில்லை. அது சரியில்லை என்று ஒருவர் சொன்னால் என்னால் தாங்க முடியுமா என்று தெரியவில்லை. உன் அண்ணி வேறு மாதிரி நினைக்கிறாள். ‘ரிட்டயர் ஆன நாள்ல இருந்து பேப்பர்ல எழுத்துப் பிழை எண்ணிக்கினு கீறே. இதையாவது செய்யேன்’ என்கிறாள்.

கட்டுவதாக இருந்தால் வரைபடம் வேண்டும், அளவு வேண்டும், எந்தப் புத்தகம், எந்தக் கடை உதவும் என்று தெரிய வேண்டும். கட்டுவேன் என்று இன்னும் சொல்லவில்லை.

அன்புள்ள அண்ணன்,
தணிகாசலம்

லவ்லேண்ட், கொலராடோ
10.2.2024

அண்ணாவுக்குச் சந்திரகலா எழுதுவது. என் முழங்கால் என்னைவிட நன்றாக இருக்கிறது, அதை விடு. பேரனுக்குச் சளி, மற்றபடி வீட்டில் எல்லாரும் நலம். அண்ணி சர்க்கரைக்கு மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாளா?

நான் எப்படி உறுப்பினரானேன் என்று கேட்காமலே விட்டுவிட்டாய். இளமதியும் மாப்பிள்ளையும் வேலைக்கும் பேரன் பள்ளிக்கும் போனால் வீட்டில் நானும் ஃப்ரிட்ஜும்தான். நூலகத்துக்கு நடந்து போவேன். ஒரு நாள் கீழே சத்தம் கேட்டு இறங்கினால் ஏழு கிழவர்கள் ரயில் விட்டுக்கொண்டிருந்தார்கள். மேஜைக்கு அடியில் ஒயரெல்லாம் குடல் மாதிரி தொங்கியது. மறுவாரம் கறுப்புத் துணியில் மேஜையைச் சுற்றிப் பாவாடை தைத்துக் கொண்டுபோய்க் கட்டிவிட்டேன். தலைவர் வால்டர் அன்றே பெயரை எழுதிக்கொண்டார்.

நீ கேட்டவை: சுரங்க ஊர் ஒன்றின் நிலைய வரைபடம், பன்னிரண்டு தாள், வால்டர் நகலெடுத்துத் தந்தார். நூலகத்தில் இந்த ரயில்களுக்கென்றே இரண்டு அலமாரி இருக்கிறது. உனக்கு உதவும் பக்கங்களைப் பிரதி எடுத்திருக்கிறேன். உறுப்பினர்கள் கழித்துப்போட்ட பழைய மாத இதழ்கள் ஆறு. இந்த ஆட்கள் தாங்கள் செய்ததைப் போட்டு ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்ளும் இணையதளத்திலிருந்து இளமதி நாற்பது பக்கம் அச்செடுத்தாள். ஜன்னலும் கதவும் ரெடிமேடாகத் தபாலில் விற்கும் கடை ஒன்று இருக்கிறதாம். நீ வாங்க மாட்டாய் என்று தெரியும்.

தண்டவாளத்தின் இடைவெளியை என் இஞ்ச் டேப்பால் அளந்தேன். உள்ளுக்கு உள் பதினாறரை மில்லிமீட்டர். ஆரம்பி.

உன் தங்கை,
சந்திரகலா

கும்மிடிப்பூண்டி
4.3.2024

அன்புத் தங்கைக்கு,

குழந்தையின் சளி விட்டதா? உன் அண்ணி மாத்திரையைப் போடுகிறாள், நான் அட்டவணையில் குறித்துவிடுகிறேன். ஆர்.கே.பேட்டை நிலத்தில் அறுவடை முடிந்தது. நெல் நன்றாக வந்திருக்கிறது.

பார்சல் கிடைத்தது. ஒரு வாரம் படித்தேன். அமெரிக்கர்கள் எதற்கு எதை வாங்கச் சொல்கிறார்களோ, அதற்கு இங்கே என்ன கிடைக்கும் என்று ஒரு நோட்டில் எதிரெதிரே எழுதி வருகிறேன். மரச் சட்டங்களுக்கு ஊதுபத்திக் குச்சி, மூங்கிலாதலால் நேராக இருக்கிறது. பாறைக்குப் பல் டாக்டர்கள் அச்செடுக்கும் மாவு. நிலக்கரித் தூளுக்கு சிப்காட் ஆலைகளின் பாய்லர் சாம்பல், சலித்தால் போதும். பலகைச் சுவருக்குக் கல்யாணப் பத்திரிகை அட்டை, நம் வீட்டிலேயே இருபது வருஷத்து அட்டை இருக்கிறது.

ஒரு சந்தேகம். இதைப் பொறுமையாகப் படி. வரைபடத்தில் அசல் நிலையத்தின் அளவுகள் அடிக்கணக்கில் இருக்கின்றன. அவற்றை எத்தனை மடங்கு சுருக்குவது என்று எங்கும் இல்லை. பதினாறரை மி.மீ. பாதை என்றால் 87 மடங்கு என்கிறது இதழில் உள்ள பட்டியல். ஆனால் 16.5ஐ 87ஆல் பெருக்கினால் நான்கடி எட்டரை அங்குலம் வருகிறது. அது பெரிய ரயிலின் பாதை. உங்களுடையது இரண்டரை அடிப் பாதை என்று ஏழாம் தாளின் மூலையில் இருக்கிறது. அதிலிருந்து கணக்கிட்டால் 48 மடங்குக்குப் பக்கத்தில் வருகிறது.

87 என்றால் ஏழடிக் கதவு 24.5 மி.மீ. 48 என்றால் 44.5. கிட்டத்தட்ட இரட்டிப்பு. வால்டரிடம் ஒரு வார்த்தை கேட்டு எழுது. என் கணக்கே தப்பாக இருக்கவும் கூடும்.

அன்புடன்,
தணிகாசலம்

லவ்லேண்ட்
27.3.2024

அண்ணாவுக்கு, எல்லாரும் நலம், அங்கும் அப்படியே இருக்கட்டும். பனி உருகி வாசலெல்லாம் சேறு.

விசாரித்துவிட்டேன். எண்பத்தேழுதான். அச்சிலேயே இருக்கிறது. கணக்குப் போட்டது போதும், அட்டையை வெட்டு.

இளமதியோடு வேலை செய்யும் சோனியா, பொன்னேரிப் பெண், ஜூலையில் ஊருக்கு வருகிறாள். ஆகஸ்ட் நடுவில் திரும்புகிறாள். தன் இரண்டு பெட்டியில் ஒன்றை நமக்குத் தருகிறாள். இருபத்துமூன்று கிலோ. நிலையம் அறுபது சென்டிமீட்டர் நீளம், நாற்பது அகலம், இருபத்தைந்து உயரத்துக்குள் அடங்க வேண்டும். மீதி இடத்தில் அண்ணி கையால் வடகம்.

‘மாமாவை இப்டி மெரட்டாதம்மா’ என்கிறாள் இளமதி. மிரட்டாமல் நீ எதைச் செய்தாய்?

சந்திரகலா

கும்மிடிப்பூண்டி
22.4.2024

அன்புத் தங்கைக்கு,

உங்கள் ஊர்ச் சேறு காய்ந்திருக்கும். இங்கே வெயில் கொளுத்துகிறது. உன் அண்ணிக்கு லேசாக வயிற்றுக்கோளாறு வந்து சரியாகிவிட்டது.

எண்பத்தேழு என்று நீ கேட்டு எழுதியதும் நிம்மதியாயிற்று. என் பெருக்கலில் எங்கோ தடுமாறியிருப்பேன். மறுபடி போட்டுப் பார்த்தேன், அதே விடைதான் வந்தது. வால்டருக்குத் தெரியாதது எனக்கு என்ன தெரியப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

புதுவாயலில் இம்மானுவேல் என்று ஒருவன் லேசர் கட்டிங் கடை வைத்திருக்கிறான். கம்பெனி கேட்டுக்குப் பெயர்ப்பலகை வெட்டுகிறவன். என் வரைபடத்தைப் பார்த்து, ‘சார், இது இன்னா, கதவா, சட்டை பட்டனா?’ என்றான். கதவு என்றேன். ‘இம்மாந்தூண்டுல யார் பூருவான்? அமெரிக்காக்காரன்லாம் குள்ளமா கீறானா சார்?’ என்று கேட்டு, கடையில் இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினான். எனக்கு உடனே வீட்டுக்குப் போய்விடலாம் போலிருந்தது. ஆனால் வெட்டித் தந்தான். அரை மில்லிமீட்டர் சட்டம்கூடக் கருகவில்லை. கூலி கேட்டால், ‘முடிச்சிட்டு காட்டுங்க சார், அது போதும்’ என்கிறான்.

கூரைத் தகரத்துக்கு ஒரு வழி கிடைத்தது. தயிர் டப்பாவின் மூடித் தகட்டை ஐந்து மி.மீ. போல்ட்டின் மரைமேல் வைத்து உருட்டினால் வரி வரியாக நெளிகிறது. அசல் தகரத்தின் நெளிவை 87ஆல் வகுத்தால் வருவதும் ஏறக்குறைய மரையின் இடைவெளியும் ஒன்று. இதைக் கண்டுபிடித்த மத்தியானம் உன் அண்ணியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் பார்த்துவிட்டு, அன்றிலிருந்து தினம் தயிர் வாங்குகிறாள்.

சந்தோஷமாக இருக்கிறேன் என்று எழுதலாம்.

தணிகாசலம்

லவ்லேண்ட்
25.5.2024

அண்ணாவுக்கு, நலம். அண்ணியின் வயிறு எப்படி?

வேலை எதுவரை வந்திருக்கிறது? கதவை இனிமேல் கொஞ்சம் பெரிதாக்க முடியுமா? முடியாவிட்டால் பரவாயில்லை. சும்மாதான் கேட்டேன்.

குழந்தை மூன்றாம் வகுப்புக்குப் போகப்போகிறான். வேறு விசேஷம் இல்லை.

சந்திரகலா

கும்மிடிப்பூண்டி
16.6.2024

அன்புத் தங்கைக்கு,

எல்லாரும் நலம். உன் கடிதம் இவ்வளவு சிறியதாக வந்ததில்லை. உடம்பு சரியில்லையா?

கதவைப் பெரிதாக்க முடியாது. பெரிதாக்கினால் ஜன்னல், சுவர், கூரை எல்லாமே பெரிதாக வேண்டும். முப்பத்துநான்கு ஜன்னலும் கண்ணாடி போட்டு ஒட்டியாயிற்று. தண்ணீர்த் தொட்டிக்கு வளையம் மாட்டியாயிற்று. நிலைய மாஸ்டர் அறையில் ஒரு நாற்காலி, 10 மி.மீ. உயரம், உள்ளே வைத்து மூடிவிட்டேன். யாருக்கும் தெரியாது. ஆனால் இருக்கிறது.

முதலிலிருந்து செய்ய இன்னும் நான்கு மாதம் ஆகும். சோனியா ஆகஸ்டில் கிளம்பிவிடுகிறாள். ஏதாவது தப்பு இருந்தால் இப்போதே சொல். இருந்தால் தாங்கிக்கொள்வேன் என்று சொல்ல முடியவில்லை. ஆனாலும் சொல்.

தணிகாசலம்

லவ்லேண்ட்
30.8.2024

அண்ணாவுக்கு, நீயும் அண்ணியும் நலம்தானே? இத்தனை நாள் எழுதாததற்குத் திட்டாதே. வெயில் காலத்தில் இங்கே விருந்தாளிகள்.

நிலையம் பத்திரமாக வந்து சேர்ந்தது. ஒரு ஜன்னல்கூட உடையவில்லை. ஏர்போர்ட்டில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்களாம். திறந்த அதிகாரி பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினாராம். வால்டர் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டுக் கால்மணி நேரம் பார்த்தார். கூரை எதனால் ஆனது என்று கேட்டார். தயிர் மூடி என்றேன். நம்பவில்லை. சுவர்ப் பலகைகளில் ஆணித்துளைகூடக் குத்தியிருக்கிறாய் என்று இன்னொருவர் பூதக்கண்ணாடி வைத்துக் கண்டுபிடித்தார். எல்லாரும் கைதட்டினார்கள். வடகமும் நன்றாக இருந்தது.

சந்திரகலா

கும்மிடிப்பூண்டி
20.9.2024

அன்புத் தங்கைக்கு,

இங்கே நலம். மழை நான்கு நாளாகப் பெய்கிறது.

உன் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. கூரையைப் பற்றி எழுதியிருக்கிறாய். ஜன்னல், ஆணித்துளை, ஏர்போர்ட் அதிகாரி எல்லாம் இருக்கிறது. அதன் முன்னால் ரயில் வந்து நின்றதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

ஷாப்பில் ஒரு ஆள் தான் செய்த பொருளின் ஒன்பது அளவைச் சொல்லிவிட்டுப் பத்தாவதைச் சொல்லாவிட்டால், நான் முதலில் அளப்பது பத்தாவதைத்தான்.

உன் இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு போய், அங்கே ஓடும் ரயிலில் ஒரு ஆள் எத்தனை மில்லிமீட்டர் உயரம் என்று அளந்து எழுது. இருபது என்றால் நான் பேசாமல் இருக்கிறேன். அதற்கு மேல் என்றால் நிலையத்தைக் கண்காட்சியில் வைக்க வேண்டாம். எங்கள் ஷாப்பில் அளவு தப்பிய பொருளுக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்துத் தனித் தொட்டியில் போடுவோம். எத்தனையோ பேர் செய்ததற்கு நான் அடித்திருக்கிறேன். எனக்கு மட்டும் சலுகை கேட்கக் கூடாது.

தணிகாசலம்

லவ்லேண்ட்
8.10.2024

அண்ணாவுக்கு,

இந்த முறை நலமெல்லாம் கடைசியில்.

முப்பத்தாறு மில்லிமீட்டர். மே மாதமே அளந்துவிட்டேன். வால்டர் இன்ஜினில் புதிதாக ஒரு டிரைவர் பொம்மையை வைத்தார். விளையாட்டாக டேப்பை வைத்தேன். உன் கதவு இருபத்துநாலரை என்று மனப்பாடமாக இருந்தது. அன்று இரவே உனக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். கதவைப் பெரிதாக்க முடியுமா என்று எழுதிக் கேட்டேன். நீ முப்பத்துநான்கு ஜன்னல் என்று எழுதினாய். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது?

உன் கணக்கு சரி, அண்ணா. நாற்பத்தெட்டுதான். நான் வால்டரிடம் கேட்கவே இல்லை. அண்ணன் இன்ஜினியர் என்று பீற்றிக்கொண்டவள், எத்தனை மடங்கு என்ற முதல் கேள்வியைப் போய்க் கேட்க வெட்கப்பட்டேன். அலமாரியில் தண்டவாளம் வந்த பெட்டி இருந்தது. அதில் 87 என்று அச்சிட்டிருந்தது. பார்த்து எழுதிவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, இவர்கள் 87 மடங்கு சுருக்கிய பெரிய ரயிலுக்கான தண்டவாளத்தைக் கடையில் வாங்கி, அதன்மேல் நாற்பத்தெட்டு மடங்கு சுருக்கிய சின்ன ரயிலை ஓட்டுகிறார்கள். அகலம் ஒத்துப்போகிறது, சுலபமாகக் கிடைக்கிறது, அதனால்.

போன வாரம் வால்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நிலையம் வந்த நாளே அவருக்குத் தெரிந்திருக்கிறது, நான் சொல்லட்டும் என்று காத்திருந்தாராம். ‘சந்திரா, இதை யாரும் தூக்கிப் போடப்போவதில்லை, நகர்த்தினால் போதும்’ என்றார். முன்னால் வைத்தால் பொம்மை வீடு. மேஜையின் பின்னால், மலைமேல் வைத்தால் தூரத்து ஊர். ஆனால் செய்தவர் சம்மதிக்காமல் வைக்க மாட்டாராம். கண்காட்சி நவம்பர் ஒன்பது. இளமதி, ‘மாமா ஒத்துக்க மாட்டார்மா’ என்கிறாள்.

நீ எது சொன்னாலும் சரி. நாங்கள் நலம். நீங்கள்?

சந்திரகலா

கும்மிடிப்பூண்டி
27.10.2024

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் வந்து மூன்று நாள் கணக்கு நோட்டை வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தேன். ‘இன்னாத்துக்கு மூஞ்சைத் தூக்கி வெச்சிக்கினு கீறே? அவதான் ஒத்துக்கினாளே’ என்றாள் உன் அண்ணி. நான்காம் நாள் பேருந்தேறி இம்மானுவேல் கடைக்குப் போய்ச் சொன்னேன். சிரிப்பான் என்று நினைத்தேன். ‘நான்தான் அன்னிக்கே கேட்டேனே சார், குள்ளமா கீறானான்னு’ என்றான். அதற்கு அப்புறம்தான் சிரித்தான். நானும் சிரித்துவிட்டேன்.

சிவப்புப் பெயின்ட்டைப் பற்றி எழுதியிருந்தேன். இன்னொன்றை எழுதவில்லை. அளவு தப்பிய பொருள் வேறு இடத்தில் உதவும் என்று தெரிந்தால், அதற்கு டீவியேஷன் சீட்டு என்று ஒன்று உண்டு. என்ன தப்பு, யாரால், எந்த நிபந்தனையோடு பயன்படுத்தலாம் என்று எழுதி இன்ஸ்பெக்டர் கையெழுத்திட வேண்டும். முப்பத்தொரு வருஷத்தில் நான் இரண்டில்தான் கையெழுத்திட்டேன். மூன்றாவதை இத்துடன் வைத்திருக்கிறேன்.

நிபந்தனைகள் இவை. 87ஐ 48ஆல் வகுத்தால் 1.8. பார்ப்பவர் கண்ணிலிருந்து என் நிலையம் ஐந்தடி தள்ளி இருந்தால், ஒன்பதடி தள்ளி இருப்பதுபோல் தெரியும். மேஜையின் பின்விளிம்புவரை தள்ள வேண்டும், ஒரு அங்குலமும் முன்னால் வரக் கூடாது. அதன் அடிப்பாகம் தெரியாதபடி முன்னால் ஒரு மேடு வேண்டும். முன்பக்கத்திலிருந்து நேராக அதற்குப் பாதை போகக் கூடாது. பெரிய பொம்மை எதுவும் பக்கத்தில் நிற்கக் கூடாது. இவற்றில் வால்டருக்கு மாற்றுக் கருத்து இருந்தாலும் மாற்றக் கூடாது. இதை நான் எழுதியிருக்கிறேன் என்று எனக்கே வியப்பாக இருக்கிறது, ஆனால் அந்த வரியை அடிக்கப்போவதில்லை.

‘காரணம்’ என்ற கட்டத்தில், ‘இன்ஸ்பெக்டர் தன் சந்தேகத்தை வற்புறுத்தவில்லை’ என்று எழுதியிருக்கிறேன். அதுதான் உண்மை. கணக்கு சரியாக வந்தும் நான் அதை நம்பவில்லை.

தபால் பிந்தும் என்பதால் இம்மானுவேல் கடிதம், சீட்டு இரண்டையும் போனில் படம் பிடித்து இளமதிக்கு அனுப்புகிறான். அசல் பின்னால் வரும். உன் முழங்காலைப் பார்த்துக்கொள்.

தணிகாசலம்

லவ்லேண்ட்
18.11.2024

அண்ணாவுக்கு,

நலம், நலம். அண்ணியைக் கேட்டதாகச் சொல். இம்மானுவேலுக்கு இளமதி ஒரு சட்டை எடுத்திருக்கிறாள், பட்டன் பெரியதாகப் பார்த்து.

கண்காட்சி இரண்டு நாளும் கூட்டம். உன் நிபந்தனைகளை வால்டர் சுவரில் ஒட்டி ஒவ்வொன்றாகச் செய்தார். மேட்டுக்கு அவர் போட்ட உயரம் போதவில்லை, நான் சண்டை போட்டு ஒரு அங்குலம் ஏற்றினேன். முன்னால் ரயில் வளைந்து போகும்போது பார்க்கிறவர்கள் அதைப் பார்ப்பதில்லை, கண்ணைச் சுருக்கிக்கொண்டு உன் நிலையத்தைப் பார்க்கிறார்கள். ஒரு அம்மாள், ‘அது எவ்வளவு தூரம்?’ என்று கேட்டாள். அரை மைல் இருக்கும் என்றார் வால்டர். அவள் தலையாட்டிவிட்டு, பிறகு மேஜையைப் பார்த்துத் திடுக்கிட்டாள். உள்ளே நாற்காலி இருப்பதை அவளிடம் மட்டும் சொன்னேன்.

அடுத்த வருஷம் முன்பக்கத்துக்கு ஒரு நிலையம் வேண்டுமாம். நாற்பத்தெட்டில். வால்டர் கேட்டதை எழுதுகிறேன். நான் எதற்கும் சம்மதம் சொல்லவில்லை. அவருடைய முகவரி பின்பக்கத்தில். இனி அளவை அவரிடமே கேட்டுக்கொள்.

உன் சீட்டின் அசல் நேற்றுதான் வந்தது. ‘காரணம்’ என்ற கட்டத்தில் நீ எழுதியதை அடித்துவிட்டு, ‘சந்திரகலா கேட்கவில்லை’ என்று எழுதிக் கையெழுத்தும் தேதியும் போட்டிருக்கிறேன். மாற்ற நினைக்காதே. வால்டர் அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஆணி அடித்துவிட்டார்.

உன் தங்கை,
சந்திரகலா